அத்தை விதைத்த பாத்தி

"அங்க வந்து வாயைத் திறந்தீங்க, அப்புறம் நடக்கறதே வேற!"

கார் தெருமுனை திரும்புவதற்குள் மனைவி ஆரம்பித்துவிட்டாள். செடி நர்சரியில் வேலை பார்க்கும் அவள் கணவர் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். அவள் இதைச் சொல்வது காலையிலிருந்து நாலாவது தடவை.

"அப்பா செடியைக் காட்டுவார். 'அடேயப்பா, என்னமா பூத்திருக்கு மாமா'ன்னு சொல்லணும். அதுக்கு மேல ஒரு எழுத்து வரக்கூடாது."

"சரிம்மா தாயே. இருந்தாலும், பூச்செடியோடவே பொழுதைப் போக்கற என்னைப் போய்..."

"அதனாலதான் சொல்றேன். போன வருஷம் நீங்க மூஞ்சியை வெச்சிருந்த அழகைப் பாத்து எங்க உளறிடுவீங்களோன்னு பயந்தே போயிட்டேன்."

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாமியார் உடம்பு முடியாத நிலையிலும் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே பாத்தி கட்டிப் பூ விதை போட்டார். விதை கொடுத்தது இந்த மாப்பிள்ளைதான். அப்புறம் ஆஸ்பத்திரி, வீடு, சாவு என்று எல்லாம் மளமளவென்று நடந்து முடிந்தது. விதைத்த பூவில் ஒன்றுகூடப் பூக்கவில்லை. அங்கே மண்டியதெல்லாம் ரோட்டோரத்தில் காலில் மிதிபடுகிற களை.

அந்தக் களையைத்தான் மாமனார் எருப்போட்டு, தண்ணீர் ஊற்றி, பிள்ளையைப் போல வளர்த்துக்கொண்டிருந்தார். வசந்தம் பிறந்து மாமியாரின் பிறந்தநாள் வந்தால் பாத்தி ஓரத்தில்தான் எல்லாருக்கும் சாப்பாடு. "உங்கம்மா விதைச்சது" என்று அவர் பூரிக்கும்போது உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

இந்த வருஷம் மாப்பிள்ளை ஒரு முடிவோடு வந்திருந்தார். மாமியார் விதைத்த அதே வகைப் பூவின் இளம் நாற்றுகள் ஒரு தட்டு நிறைய டிக்கியில் இருந்தன. ஆள் இல்லாத நேரம் பார்த்துக் களையைப் பிடுங்கிவிட்டு இதை நட்டுவிட வேண்டும். பெரியவர் கேட்டால், அத்தையின் விதைதான் தாமதமாக முளைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். மனைவியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை.

வாசலில் மனைவியின் அக்கா நின்றிருந்தாள். வந்ததும் வராததுமாக அவரைத் தனியே இழுத்துப் போனாள்.

"தம்பி, பாத்துப் பேசுங்க. பாவம், எல்லாம் அப்பா பண்ணின கூத்து. அம்மா படுத்த கவலையில தண்ணி ஊத்த மறந்து விதையைக் கருக விட்டிருக்கார். அது தெரிஞ்சா மனுஷன் அன்னைக்கே படுத்துடுவார். அம்மாதான் போயிட்டா, இவரையாவது..."

"நான் பாத்துக்கறேன் அண்ணி."

மாமனார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எல்லாரையும் பாத்திக்கு அழைத்துப் போனார். சட்டைப் பித்தான் அளவுக்கு மஞ்சள் பூக்கள், முள்ளு முள்ளாக இலைகள்.

"எப்படி?" என்றார் பெருமையாக.

"போன வருஷத்தைவிட ஜோர்ப்பா!" என்று அக்காதான் முதலில் கைதட்டினாள்.

"அடேயப்பா, என்னமா பூத்திருக்கு மாமா!" என்றார் மாப்பிள்ளை. சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

பெண்கள் சாப்பாடு எடுத்துவைக்க உள்ளே போனார்கள். மாமனார் சட்டை மாற்றப் போனார். மாப்பிள்ளை ஓட்டமும் நடையுமாகப் போய் டிக்கியிலிருந்து தட்டைத் தூக்கிவந்து, மண்டியிட்டு, முதல் களையை வேரோடு இழுத்தார்.

"விடுங்க மாப்பிள்ளை."

பாதி பித்தான் போட்ட புதுச் சட்டையோடு மாமனார் பின்னால் நின்றிருந்தார்.

"இல்ல மாமா... நடுவுல ஒண்ணு ரெண்டு களை..."

"ஒண்ணு ரெண்டு என்ன, அத்தனையும் களைதானே."

மாப்பிள்ளை பிடுங்கிய களையோடு திரும்பினார். "மாமா, உங்களுக்கு... எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் வருஷத்துலேர்ந்து." பெரியவர் சிரமப்பட்டுக் குனிந்து, பிடுங்கிய களையை வாங்கி அதே குழியில் வைத்து மண்ணை அழுத்தினார்.

"அப்புறம் ஏன் மாமா? நீங்க தண்ணி ஊத்தாம விட்டதாலதான் விதை கருகிப்போச்சுன்னு அண்ணி சொல்றாங்க..."

"சொல்லட்டும். எங்க கருகிச்சு? உங்க விதை விரல் உசரத்துக்கு ஜம்முன்னு வந்துச்சு. உங்க அத்தை ஜன்னலோரம் படுத்துப் பாத்துக்கிட்டே இருந்தா. ஒரே காலையில அத்தனையும் போச்சு. நான் சத்தம் போட எழுந்தேன், கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. 'பேசாம இருங்க, எனக்காக ஆசை ஆசையா செய்யறா. கடைசிவரைக்கும் அவளுக்குத் தெரியக்கூடாது'ன்னா. உங்க அத்தை என்கிட்ட கடைசியா கேட்டது அதுதான்."

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"யாரைச் சொல்றீங்க மாமா?"

"அப்பா! தம்பி! சாப்பாடு ரெடி!" கையில் தட்டுகளோடு அக்கா பின்வாசல் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

மாமனார் பதறிப்போய் பக்கத்தில் கிடந்த சாக்கை நாற்றுத் தட்டின் மேல் இழுத்து மூடினார்.

"மறைச்சு வையுங்க மாப்பிள்ளை, சீக்கிரம்! இந்த இலையைப் பெரியவ பாத்தா, அம்மாவுக்காகக் களை எடுக்கறேன்னு அன்னைக்குத் தன் கையால எதைப் பிடுங்கிப் போட்டோம்னு தெரிஞ்சுக்குவா!"