காலி அட்டை

டயாலிசிஸ் கட்டிலில் கிடந்த என் கணவர் திருமுருகனைப் பார்க்க அவருடைய அண்ணன் தென்னரசு மாமாவும் மனைவி கலைமதியும் வந்திருந்தார்கள்.

மாமா தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிலில் கிடக்கிற இவருக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வருஷத்தில்தான் பிரஷர் வந்தது. மாமாவுக்கு மாத்திரையிலேயே அடங்கிவிட்டது. இவருக்கு இரண்டு சிறுநீரகத்துக்கும் போகிற ரத்தக்குழாய்கள் சுருங்கியிருந்தன, அதனால் வந்த பிரஷர். விழுப்புரம் வந்து ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் சிறுநீரகம் போய்விட்டது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இப்படித்தான். திண்டிவனத்தில் அவர்களுக்கு மாடி வீடு, பக்கத்திலேயே எங்களுக்கு ஷீட்டு போட்ட வீடு. மாமாவுக்குப் பாண்டிச்சேரி டாக்டர், இவருக்குப் பெரியாஸ்பத்திரி மாத்திரை. கலைமதி அக்கா புதுப்புடவை கட்டினால் எனக்கு அன்று சோறு இறங்காது. பொய் சொல்வானேன்?

டாக்டர் வந்தார். எழுதிக் கொடுக்காத பிரஷர் மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். இந்த மாதிரி சுருக்கம் இருக்கிறவர்களுக்குச் சில மாத்திரைகள் சிறுநீரகத்தையே சாய்த்துவிடுமாம்.

"இல்லைங்க" என்றேன்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் கலைமதி அக்கா என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஃப்ரிட்ஜ் மேல இருந்த எங்க வூட்டுக்காரரு மாத்திரைய நீ எடுத்துக்கினு போனத நான் பாத்தேன், வெண்ணிலா. கேட்டா கூச்சப்படுவன்னு வாயத் தொறக்கல. அந்த ஒரு அட்டைய அன்னிக்கே புடுங்கியிருந்தா தம்பிக்கு இப்டி ஆயிருக்குமா? எல்லாம் என்னாலதான்டி."

ஒரு அட்டை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அது தீர்ந்ததும் காலி அட்டையை மெடிக்கலில் காட்டி மூன்று மாதம் வாங்கினேன். கடைக்காரர் டாக்டர் சீட்டு கேட்கவில்லை. மாமாவுக்கு வாய்த்தது இவருக்கும் வாய்க்கட்டும் என்று தினமும் காலையில் என் கையாலேயே கொடுத்தேன்.

அந்த அட்டை இப்போதும் என் பர்ஸில் இருக்கிறது. பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா என் தோளில் சாய்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, ஓவென்று அழுதாள்.

செய்யாத தப்பைக்கூட வாய்விட்டுச் சொல்லி அழ அவளால் முடிகிறது.

எனக்கு அதிலும் பொறாமையாக இருந்தது.