மூச்சுத் துளை

கார் மூன்றாவது முறையாக நின்றது.

முதல் இரண்டு முறை மலையேற்றத்தில். கால் மணி நேரம் சும்மா விட்டதும் தானாகக் கிளம்பிவிட்டது. இந்த முறை திம்பம் தாண்டி, ஆசனூர் காட்டுக்குள்.

எதிரே இருபதடி தூரத்தில் ஒற்றை யானை.

அவள் அவசரமாகத் தன் பக்கக் கண்ணாடியை ஏற்றினாள்.

அவள் கணவன் சாவியைத் திருகினான். எஞ்சின் இருமியது. மறுபடியும் திருகினான். இருமக்கூட இல்லை.

யானைக்கு அவசரமில்லை. அது அவர்களைப் பார்க்கவும் இல்லை. பம்பரின் இரண்டு பக்கமும் கட்டியிருந்த வாழைக்கன்றுகளைத்தான் பார்த்தது.

நேற்று ஆயுத பூஜை. கன்றுகளைக் கட்டியவள் அவள்தான். இன்று காலையில் அவன் அவிழ்க்கப் போனபோது, இருக்கட்டும், அழகாக இருக்கிறது என்று தடுத்தவளும் அவள்தான்.

"டேங்க்ல துரு புள்ள," என்றான் அவன், குரல் எழும்பாமல். "நாந்தான் செரியாக் கழுவுல."

கழுவவில்லையாம். மூன்று வருடமாக வேறு என்ன செய்தான்? காயலான் கடையில் மண்ணாகிக் கிடந்த காரை வாங்கினான். டேங்க்கைத் தனியாகக் கழற்றினான். உள்ளே ஆசிட்டும் கூழாங்கல்லும் போட்டு, ஞாயிறு தவறாமல் வாசலில் உருட்டினான். அந்தக் கடகடச் சத்தத்துக்குத் தெருவே எழுந்து வந்து திட்டியது. பெற்ற பிள்ளையைக்கூட அவன் அப்படிக் குளிப்பாட்டியதில்லை.

இப்போது அவன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

யானை வந்துவிட்டது.

கண்ணாடி முழுக்க அதன் தோல். செம்மண் ஒட்டிய முரட்டு ரோமம். அவன் பக்கத்துக் கன்றைத் துதிக்கை வளைத்து இழுத்தது. கார் ஒரு குலுங்கு குலுங்கியது. கயிறு அறுந்தது.

மெல்லும் சத்தம் காருக்குள் கேட்டது.

அது முடிந்தால் அவள் பக்கத்துக் கன்று. அதுவும் முடிந்தால்?

பின்சீட்டில் பூஜைப் பொரி மூட்டையும் ஒரு தார் பழமும் இருந்தன.

அவள் வேறெங்கும் பார்க்கப் பயந்து ஸ்டியரிங்கையே பார்த்தாள். நேற்று அவள் வைத்த சந்தனப் பொட்டு. காய்ந்து கல்லாகியிருந்தது. ஸ்டியரிங்குக்கு ஒன்று, பானெட்டுக்கு ஒன்று, நான்கு சக்கரத்துக்கும் நான்கு. கடைசியாக, அவன் உயிரையே வைத்திருக்கும் டேங்க்குக்கு ஒன்று. அதற்கு மட்டும் தாராளமாக. மூடியின் நட்டநடுவில்.

ஐயோ.

மூடியின் நட்டநடுவில்தான் அந்தத் துளை. ஊசி நுழையும் அளவு. டேங்க்கைப் பொருத்திய அன்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். இதுவும் மூச்சு விட வேண்டும், காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் வெளியே வரும் என்றான். அவளுக்கு அடுப்பில் பால். சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஓடினாள்.

சொல்ல வேண்டும்.

சொன்னால் அவன் இறங்குவான். அவன் பக்கத்தில்தான் யானை நிற்கிறது.

அவள் தன் பக்கக் கதவைத் திறந்தாள்.

"எறங்காத புள்ள!"

இறங்கிவிட்டாள். செருப்பைக் காரிலேயே விட்டிருந்தாள். பின்பக்கம் மூடி இருக்கும் இடத்துக்கு நாலே எட்டு. தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள். பண்ணாரி அம்மனை மட்டும் இரண்டு முறை.

மூடியைத் திருகினாள். கை வழுக்கியது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள்.

உஸ்ஸ்ஸ்.

டேங்க் காற்றை இழுத்தது. வெகுநேரம் இழுத்தது.

மெல்லும் சத்தம் நின்றது.

காரின் கூரைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த காதுகள் விரிந்து, அப்படியே நின்றன.

அவள் மூச்சை அடக்கினாள். கால் வழியே வெதுவெதுப்பாக இறங்கியது. வெட்கப்படக்கூட நேரமில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மறுபடியும் வாழைத்தண்டு முறிந்தது. யானை காரைச் சுற்றி அவள் பக்கத்துக் கன்றுக்கு நகர்ந்தது.

அவள் பின்கதவைத் திறந்து பொரி மூட்டைமேல் விழுந்தாள்.

வண்டிய எடுங்க என்று கத்தினாளா, நினைத்தாளா, பிறகு யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

அவன் திருகினான். இருமியது. திருகினான். இருமியது. நான்காவது முறை பிடித்துக்கொண்டது. ரிவர்ஸில் போட்டு வளைவு வரைக்கும் பின்னாலேயே ஓட்டினான். கன்று யானையின் துதிக்கையோடு போயிற்று. அது துரத்தவில்லை. அதற்குச் சாப்பாடு இருந்தது.

வந்த வழியே திரும்பி, திம்பம் செக்போஸ்ட் வரை கார் ஒரு முறைகூட நிற்கவில்லை. உள்ளே ஒரே பெட்ரோல் நாற்றம்.

ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். அழுதுகொண்டிருந்தான். தன் தப்புதான் என்றான். உன்னைக் கொல்லப் பார்த்தேன் என்றான். நாளைக்கே இந்தச் சனியனைக் காயலான் கடையில் தள்ளிவிடுவதாகச் சொன்னான்.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம்.

இறுக்கிப் பிடித்திருந்த கையை விரித்தாள்.

மூடி. வட்டமாகச் சந்தனம். நடுவில் குங்குமம்.

அவன் அழுகை நின்றது. மூடியை வாங்கி நகத்தால் சுரண்டினான். அடிப்பக்கம் வாய் வைத்து ஊதிப் பார்த்தான். காற்று போகவில்லை.

அவள் காத்திருந்தாள். யானைக்குப் பயந்ததைவிட இதற்குப் பயந்தாள்.

அவன் தலையைத் தூக்கவில்லை. கையை மட்டும் அவள் பக்கம் நீட்டினான்.

தாலிக்கொடியில் கிடந்த ஊக்கைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள்.

ஊசிமுனை துளையைத் தவிர எல்லா இடத்திலும் குத்தியது. அத்தனை நடுக்கம். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் கை அதைவிட நடுங்கியது.