சைகை டீச்சர் மேல் ஒரு புகார்

"அந்த டீச்சரை மாத்திடுங்க ஐயா. அவங்க நம்மள ஏமாத்துறாங்க."

ஆராதனை முடிந்து போதகர் அங்கியைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் வழிமறித்துப் பிடித்துக்கொண்டாள் அக்காக்காரி.

விஷயம் இதுதான். அவள் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. வெல்டிங் பட்டறையில் வேலை, கெட்டிக்காரன். அவனுக்காகவே சபையில் ஒரு சைகை டீச்சரை ஏற்பாடு செய்திருந்தார்கள். முன்வரிசையில் அவனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாட்டு, பிரசங்கம், அறிவிப்பு எல்லாவற்றையும் கையாலேயே சொல்லிவிடுவாள்.

ஜெபம் ஆரம்பித்தால் மட்டும் கதையே வேறு. கையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வாள். சபை ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகும் சில சமயம் திறக்க மாட்டாள். தூங்கித்தான் போகிறாள், சந்தேகமே இல்லை.

வேறு சமயமாக இருந்தால் அக்காக்காரி போனால் போகிறது என்று விட்டிருப்பாள். இப்போது தம்பி பெண்டாட்டி வயிற்றுப் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தாய்க்கும் பிள்ளைக்கும் உறுதி சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். சபையே எழுந்து நின்று அவளுக்காக ஜெபிக்கிறது. அதில் ஒரு வார்த்தைகூடக் கட்டின புருஷனுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் வயிறு எரியாதா?

ஜெப நேரத்தில் டீச்சர் கண்ணை மூடியது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று போதகர் கேட்க வாயெடுத்தார். அக்காக்காரியின் முகத்தைப் பார்த்ததும் மென்று விழுங்கிவிட்டார்.

"இன்னைக்கு நான் பேசினதே அதுதானேம்மா," என்றார் பதிலுக்கு. "இயேசு சிலுவையில உயிர் விட்டப்பவே கோயில் திரை கிழிஞ்சாச்சு. இயேசுவை நம்புறவங்க நடுவுல ஆளே இல்லாம நேரா ஆண்டவர்கிட்ட போகலாம்."

"அது பேசத் தெரிஞ்சவங்களுக்கு ஐயா. அவன் எங்க போவான்? சின்ன வயசுலேர்ந்து அவனுக்கும் சேர்த்து நான்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

பொய் இல்லை. அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவனுடைய கைப்பாஷையை மட்டும் அவள் கற்றுக்கொள்ளவே இல்லை. சாப்பிடு, தூங்கு, பார்த்துப் போ, அவ்வளவுதான் தெரியும். அது போதும் என்று இருந்துவிட்டாள்.

டீச்சரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆமாம், வேண்டுமென்றேதான் கண்ணை மூடுகிறேன் என்று ஒத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு வாசலில் நின்ற தம்பியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அதை நான் சொல்றது சரியா இருக்காது. அடுத்த வாரம் என் பக்கத்துல வந்து உக்காருங்கக்கா."

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லையே! வாரம் முழுக்க அக்காக்காரிக்கு அதே யோசனை. அரைகுறையாகப் படித்துவிட்டு வந்திருப்பாளோ? ஜெபத்துக்கு உள்ள சைகையே தெரியாதோ? ஒருவேளை இவளுக்கு விசுவாசமே கிடையாதோ?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை நாளும் பின்வரிசையிலிருந்து அவள் தம்பியின் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு முகம் எதிரே இருந்தது. மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"ஜெபிப்போம்," என்றார் போதகர். டீச்சரின் கை மடிக்குப் போனது, கண் மூடிக்கொண்டது. வசமாக மாட்டினாயா என்று இடித்து எழுப்ப முழங்கையைத் தூக்கினாள் அக்காக்காரி.

அதற்குள் தம்பியின் கை எழுந்தது.

டீச்சரின் கண் மூடியிருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டான். பிறகு அக்கா இருப்பதையே மறந்துவிட்டு முகத்தை மேலே தூக்கினான். கை அப்படி ஓடியது. கெஞ்சினான். சண்டை போட்டான். நெஞ்சில் குத்திக்கொண்டு நியாயம் கேட்டான். இரண்டு கையையும் சேர்த்துப் பிள்ளையை ஏந்துவதுபோல் ஆட்டிக் காட்டினான். அது ஒன்றுதான் அக்காக்காரிக்கு விளங்கியது. மற்றதெல்லாம் கண்ணெதிரே நடந்தும் பிடிபடவில்லை.

சபை ஆமென் சொல்லி உட்கார்ந்துவிட்டது. அவனுக்கு அது எங்கே கேட்கும்? அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். பேசி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீச்சரின் நாற்காலிக் காலை ஷூ முனையால் லேசாகத் தட்டினான். அதற்குப் பிறகுதான் அவள் கண்ணைத் திறந்தாள்.

அக்காக்காரிக்கு அன்றைக்குப் பிரசங்கம் காதிலேயே ஏறவில்லை. இவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்றல்லவா இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். இவ்வளவு பேச்சை எங்கே வைத்திருந்தான்? வெளியே வந்ததும் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் என்ன கேட்டான்? அவளைப் பத்தி என்ன சொன்னான்? என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா? ஒண்ணுவிடாம சொல்லுங்க டீச்சர்."

"எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் டீச்சர். "அவரு ஆண்டவர்கிட்ட பேசுறதைப் பார்த்தா அது ஒட்டுக்கேக்குறது ஆயிடும்னுதானே கண்ணை மூடிக்கிறேன்."