கூப்பிடக் கூசிய பெயர்

"ஓவியா! ஓவியா!"

சிவாஜினி டீச்சர் கத்திய கத்தலில் இறங்குதுறையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. பிள்ளையின் பதில்தான் இல்லை.

முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு மான் காட்டவென்று கூட்டிவந்தவள். ஊருக்குள்ளேயே பழகித் திரிந்து வீதியோரம் மேய்ந்த மான்களைக் காட்டிவிட்டுத் திரும்பினால் பிள்ளைகளில் ஒன்றைக் காணவில்லை. பக்கத்திலேயே கடல். கப்பல்கள் கரைக்குக் கிட்ட வந்து நிற்கிற ஆழம்.

மற்றப் பிள்ளைகளை உதவி டீச்சரிடம் விட்டுவிட்டு ஓடினாள். ஆறு மாத வயிறு. மூச்சு வாங்கியது.

உண்மையில் அந்தப் பிள்ளையின் பெயர் ஓவியா இல்லை. குப்பை. ஆம், குப்பையேதான்! பெற்ற பிள்ளைக்கு இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தி பெயர் வைப்பாளா? பெண் பிறந்துவிட்டதே என்ற வெறுப்பாக்கும், இவளெல்லாம் ஒரு தாயா என்று டீச்சர் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். போன கிழமை தாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓவியா ஆக்கியதும் அவள்தான்.

இப்போது அந்தப் பெயருக்குப் பிள்ளை திரும்பவில்லை.

இத்தனை பேருக்கு நடுவில் குப்பை என்று கத்துவதா? வாய் கூசியது.

படிக்கட்டின் கீழே தண்ணீரில் ஒரு சின்னச் செருப்பு மிதந்தது.

ஐயோ! கூச்சமாவது மண்ணாவது!

"குப்பை! என்ர குப்பை, எங்கயடி நிக்கிறாய்?"

"ஓம் டீச்சர்!"

கவிழ்த்துப்போட்ட தோணிக்குப் பின்னாலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தது பிள்ளை. மான்குட்டி பார்க்கப் போனதாம். டீச்சர் அள்ளி அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

செய்தி கேட்டு மீன் சந்தையிலிருந்து தாய் ராசமலர் விழுந்தடித்து ஓடிவந்தாள். அவள் ஏசவில்லை. கூட்டத்தில் யாரோ, ஓவியா கிடைத்துவிட்டாள் என்று சொன்னார்கள். அப்போதுதான் அவள் முகம் வெளிறியது.

"அந்தப் பேரைச் சொல்லாதேங்கோ டீச்சர். இவளுக்கு முதல் மூண்டு பிள்ளையளுக்கும் ஆசை ஆசையா நல்ல பேர்தான் வச்சனான். ஒண்டும் தங்கேல்லை. குப்பையெண்டால் எமன் தூக்கமாட்டான் எண்டுதான்..."

டீச்சர் பிள்ளையைத் தாயின் கையில் கொடுத்தாள்.

அன்று பின்னேரம் கணவன் நிருபன் வழக்கம்போல அவள் வயிற்றில் காதை வைத்தான். இருவரும் மாதக்கணக்காகத் தேடிப் பிடித்த அந்த அழகான பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட வாய் திறந்தான்.

சிவாஜினி அவன் வாயை இறுகப் பொத்தினாள்.