எதிராளி

பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த ஆங்கிலிக்கன் பாதிரியார் ஒரு வார்த்தை பேசவில்லை. வேதாகம ஆராய்ச்சியில் ஆயுள் முழுக்க அவரோடு மல்லுக்கு நின்ற எதிராளி, கட்டிலருகே உட்கார்ந்து தன் புதுக் கட்டுரையைச் சத்தமாக வாசித்தார்.

"யோபு புத்தகம் முதன்முதலில் எழுதப்பட்டது எபிரேயத்தில் அல்ல, கிரேக்கத்தில்தான்."

நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. "பதில் பேச முடியாதவர்கிட்டயா சார் உங்க வீரம்? வெளியே போங்க!"

பாதிரியாரின் மனைவி கணவரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு துடித்தது.

"த... தப்பு! எபி... எபிரேயம்!"

டாக்டரை அழைக்க நர்ஸ் ஓடினாள். எதிராளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சொன்னேன்ல, கோபம் வந்தா பேசிடுவார்னு?" என்றாள் மனைவி. "நாளைக்கு இன்னும் பெரிய தப்பா எழுதிட்டு வாங்கண்ணா!"