ஏழில் நின்ற முள்

முள் ஏழில் போய் நின்றது. நின்றது நின்றதுதான்.

"புளிப்பும் இல்ல, காரமும் இல்ல. அருமையான தண்ணிங்க," என்றார் பரிசோதனைக்கு வந்த ஆபீசர். தண்ணீரின் புளிப்பை அளக்கும் மீட்டரிலிருந்து ஒயரில் தொங்கிய கண்ணாடிக் குமிழ் பித்தளைக் குடத்துக்குள் சொகுசாக மூழ்கிக் கிடந்தது.

கிணற்றுக்காரர் கிருஷ்ணப்பன் குனிந்து முள்ளை மறுபடி பார்த்தார். ஜவ்வரிசி ஆலையின் மரவள்ளிக் கழிவு ஊறி ஊறி அவர் கிணறு குச்சிக்கிழங்குப் புளிப்பில் நாறுகிறது. தென்னை கருகிவிட்டது. எருமை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. மனு மேல் மனு போட்டு இந்த மீட்டரை அரூர்ப் பக்கம் வரவழைத்தவரே அவர்தான். கிணறு கெட்டது என்று அது ஒரு வார்த்தை சொன்னால் ஆலைக்காரன் கழிவு வாய்க்காலை அடைத்தாக வேண்டும்.

மனைவியைப் பார்த்தார். குடத்தைக் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான்.

"வூட்டுக்கு வந்தவங்களுக்கு அந்த நாத்தத் தண்ணியவா குடுக்கறது? ஆலைக் குழாய்ல புடிச்சாந்தேன்," என்று முணுமுணுத்தாள் முனியம்மாள்.

தலையில் அடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. கிருஷ்ணப்பன் ஓடிப்போய்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்துவந்து, நடந்ததைச் சொல்லி, ஆபீசர் முன்னால் வைத்தார். மாவுக்கசடு மேலே ஆடையாகப் படிந்திருந்தது.

ஆபீசர் குமிழை வெடுக்கென்று எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"சீமைச் சாமானுங்க இது. இவ்வளவு அழுக்குல முக்கினா ஒரேடியாப் போயிடும். தண்ணி கொஞ்சம் சுத்தமாகட்டும், அப்ப வந்து எவ்வளவு கெட்டிருக்குன்னு அளந்து குடுக்கறேன்."

அதுவரை? அதுவரை ஏழுதான். அளந்தது அளந்ததுதானே.

குடத்தில் இருந்ததையெல்லாம் ஊற்றி ஆபீசர் குமிழைக் கழுவித் தீர்த்தார். பஞ்சு சுற்றிப் பெட்டியில் படுக்க வைத்தார். பிறகு வேர்வையைத் துடைத்துக்கொண்டு குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

வாளி பக்கத்திலேயே இருந்தது. ஒரு சொம்பு மொண்டு நீட்டினால் போதும், மீட்டர் சொல்லாததை ஆபீசரின் நாக்கு சொல்லிவிடும். கிருஷ்ணப்பன் மொண்டும் விட்டார்.

நாற்றம் முகத்தில் அடித்தது. எதிரே, வீடு தேடி வந்த மனுஷன் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

சொம்பைக் கவிழ்த்துக் கொட்டினார்.

பூட்டுப் போடும் அன்றைக்குத்தான் ஆலை வாசலை மிதிப்பேன் என்று ஊரறியச் சத்தியம் செய்திருந்த கிருஷ்ணப்பன், காலிக் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு அந்த வாசலை நோக்கி நடந்தார்.