நல்ல காது

காது குத்தி மூன்று வாரமாகியும் புண் ஆறவில்லை. கஸ்டமர் கேர் அலுவலகத்தின் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று, உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் வலது காது மடலின் மேல்விளிம்பை ஒற்றுகிறாள் அவள். பொடிக் கம்மலைச் சுற்றிச் சிவந்து வீங்கிய இடத்திலிருந்து காய்ந்த பொருக்கு பஞ்சோடு வருகிறது. குழல் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. பக்கத்துக் குழாயில் டிபன் டப்பா கழுவும் டீம் லீடர் அக்கா எட்டிப் பார்த்து முகம் சுளிக்கிறாள். "நாள் முழுக்க ஹெட்செட் மாட்டுற காதுலயா போய்க் குத்துவ? இடது காதுல குத்தியிருந்தா இந்தப் பாடு படுவியா?" "அது செவிட்டுக் காதுக்கா." "தெரியும்டி, உன் புருஷன் விட்ட அறையில போனது. சும்மா கிடக்கிற காதுதானே, அதுல குத்த வேண்டியதுதானே?" பஞ்சு ஒரு கணம் நிற்கிறது. "அதுமேல இனி எவன் கையும் படக் கூடாதுக்கா." அக்கா டப்பாவை மூடுகிறாள்; மூடி சரியாக உட்கார மாட்டேன் என்கிறது. அவள் பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டுத் தன் இருக்கைக்கு வந்து, ஹெட்செட்டின் ரப்பரைப் புண்மேல் வைத்து அழுத்துகிறாள். கண்ணில் நீர் கோத்து நிற்கிறது. மறுமுனையில் யாரோ ஒருவர் கத்துகிறார்: "ஏம்மா, காது கேக்குதா இல்லியா?" "நல்லா கேக்குது சார், சொல்லுங்க."